அயல் மாநிலத்தில் மொழிச் சிறுபான்மையோர்

பிழைப்பை நாடித் தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலம் செல்லும் ஒருவர், ரயிலை விட்டு இறங்கும் அன்றே ஒரு பெரிய மாறுதலுக்கு உள்ளாகிறார். அவருடைய பெயரும் படிப்பும் தொழிலும் முன்போலவேதான் இருக்கின்றன. ஆயினும், நேற்று வரை பெரும்பான்மையோருள் ஒருவராக இருந்தவர் இன்று சிறுபான்மையோருள் ஒருவராகி விடுகிறார். கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. பால்காரரிடம் கணக்குச் சொல்லச் சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது. வீடு வாடகைக்குக் கேட்டுச் சென்றால், "நீங்கள் எந்த ஊர்?" என்ற வினாவே முதலில் வருகிறது. சொந்த ஊரில் இக்கேள்வி நலம் விசாரிப்பதாகும்; அயலூரில் இதற்குள் வேறொரு விசாரணையும் அடங்கியிருக்கக் கூடும்.

இந்நிலையில் வாழ்வோர் எத்தனை பேர் என்பதை முதலில் பார்ப்போம். 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பின்படி, தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் நம் நாட்டில் ஏறத்தாழ 6 கோடியே 90 லட்சம் பேர். இவர்களுள் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தனர். புதுச்சேரியில் வாழும் 11 லட்சம் பேரை நீக்கிப் பார்த்தாலும், 40 லட்சத்துக்குக் குறையாத தமிழர்கள் பிறமொழி வழங்கும் மாநிலங்களில் வாழ்ந்தனர். கர்நாடகத்தில் மட்டும் ஏறத்தாழ 21 லட்சம் பேர். மகாராஷ்டிரத்தில் 5 லட்சம் பேர். கேரளத்திலும் அதே அளவினர். தலைநகராகிய டில்லியில் 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். ஆகவே, நாம் பேசப்புகுவது எங்கோ ஒருசிலரைப் பற்றியது அன்று.

சட்டத்தின் பார்வையில் மொழிச் சிறுபான்மையோர் யாவர்? நாடு முழுவதையும் ஒன்றாக வைத்து இக்கேள்விக்கு விடை காண இயலாது. ஏனெனில், இந்தியா முழுவதையும் கணக்கிட்டால் எந்த மொழியினரும் பாதிக்கு மேல் இல்லை. எனவே மாநிலத்தையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. இதன்படி தமிழர் சென்னையில் பெரும்பான்மையோர், பெங்களூரில் சிறுபான்மையோர். கன்னடர் பெங்களூரில் பெரும்பான்மையோர், கோயம்புத்தூரில் சிறுபான்மையோர். சிறுபான்மை என்பது ஒருவருடைய பிறவிக் குணம் அன்று. அவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக் கொண்டால், பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்க முற்பட்டபோதே இச்சிக்கலை அறிஞர்கள் உணர்ந்திருந்தனர். பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவரைக் கொண்ட மாநிலச் சீரமைப்புக் கமிஷன் 1955இல் தன் அறிக்கையை அளித்தது. எல்லைக் கோட்டை எவ்வளவு கவனத்துடன் வரைந்தாலும், அதன் இருபுறத்திலும் பிறமொழியினர் எஞ்சியே இருப்பர். வேலைக்காகவும் வாணிபத்துக்காகவும் மக்கள் இடம் பெயர்வதும் நிற்கப் போவதில்லை. ஆதலால் அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அக்கமிஷன் தனியாகவே ஆராய்ந்தது. அதன் பயனாக, 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தின் மூலம் நம் அரசியலமைப்புச் சட்டத்தில் 350-ஏ, 350-பி என்ற இரு விதிகள் சேர்க்கப்பட்டன.

இவற்றோடு, முன்பே இருந்த விதிகளையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குள்ள உரிமைகள் தெளிவாகும். தனக்கென மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய எந்தப் பிரிவினரும் அதனைப் பேணிக் காத்துக் கொள்ளலாம் என்கிறது 29ஆவது விதி. மொழியைக் காரணம் காட்டி மட்டும் ஒரு குழந்தைக்கு அரசாங்கப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ இடம் மறுக்கலாகாது என்பதும் அதே விதியில் அடங்கும். சமயத்தாலோ மொழியாலோ சிறுபான்மையோரானவர்கள் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தலாம் என்கிறது 30ஆவது விதி. குறை தீர்க்கும்படி அதிகாரிகளுக்கு விண்ணப்பிப்பவர், மத்திய அரசாங்கத்தைச் சார்ந்ததாயின் ஒன்றியத்தில் வழங்கும் மொழிகளிலும், மாநிலத்தைச் சார்ந்ததாயின் அம்மாநிலத்தில் வழங்கும் மொழிகளிலும் எழுதலாம் என்பது 350ஆவது விதி. சிறுபான்மை மொழியினரின் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளிப் பருவத்தில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்து தருவதைப் பற்றியது 350-ஏ. இப்பாதுகாப்புகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்று ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தர ஒரு தனி அதிகாரியை நியமிப்பது 350-பி. அந்த அதிகாரியின் அலுவலகம் 1957இல் தோன்றியது. நெடுங்காலம் அலகாபாத்தில் இயங்கியது. அவருடைய அறிக்கைகள் பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படுகின்றன. மாநில அரசாங்கங்களுக்கும் அனுப்பப்படுகின்றன.

இங்கே என் தொழில் காரணமாக ஒரு சொல்லைக் குறிப்பிட விரும்புகிறேன். நான் டில்லியில் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். ஒரு சட்டத்தை மொழிபெயர்க்கும்போது பெயர்ச்சொற்களைக் காட்டிலும் வினைச்சொல்லிலேயே கண் வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதற் பாடம். 350-ஏ விதியை அவ்வாறு ஊன்றிப் படித்தால், ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் தாய்மொழிக் கல்வி வசதியை "அளித்தல் வேண்டும்" என்று அது கூறவில்லை. அளிக்க "முயலுதல் வேண்டும்" என்றே கூறுகிறது. இதனைக் குறையென்று கொள்ள வேண்டியதில்லை. நாட்டின் ஒவ்வொரு தெருவிலும் எல்லா மொழிக்கும் ஆசிரியரை நியமிப்பது எந்த அரசாங்கத்தாலும் ஆகாது. ஆனால் முயற்சி என்பது தானே எழுவதில்லை. இங்கே குழந்தைகள் இருக்கின்றனர், அவர்கள் கற்க விரும்புகின்றனர் என்று யாரேனும் சென்று கேட்டால்தான் எழும்.

எத்தனை குழந்தைகள் இருந்தால் கேட்கலாம்? இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு தீர்மானம் செய்தது. ஒரு பள்ளி முழுவதிலும் 40 மாணவர்களோ, ஒரு வகுப்பில் 10 மாணவர்களோ வேறொரு தாய்மொழி உடையவர்களாக இருந்தால், தொடக்கக் கல்விக்கு அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும் என்பது அது. 1956இல் மத்திய அரசாங்கம் மாநிலங்களுக்கு வகுத்துத் தந்த பாதுகாப்பு ஏற்பாடுகளிலும் இக்கணக்கே அடிப்படையாயிற்று. பத்து என்பது சிறிய எண் என்று தோன்றும். அது எவ்வளவு பெரிய எண் என்பதை நான் என் சொந்த அனுபவத்தால் அறிந்தேன். அதனை மறைக்காமல் கூறுவது நேயர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

டில்லித் தமிழர்கள் இத்துறையில் முன்னோடிகள். தலைநகரம் இங்கு மாறிய பின்னர், அரசாங்க அலுவலகங்களில் பணிபுரிய வந்த தென்னாட்டுக் குடும்பங்கள் 1920களிலேயே தம் குழந்தைகளுக்கென ஒரு கல்விக் கழகத்தை ஏற்படுத்தின. அதன் வழிவந்த டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்தி வருகிறது. 1946இல் டில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. பம்பாயிலும் 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விக் கழகம் மாதுங்காவில் வேரூன்றிப் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அந்நாளில் குமாஸ்தாக்களாக இருந்தவர்கள் தம் சொற்பச் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துச் செய்த செயல்கள் இவை.

நான் குடியிருக்கும் பகுதியிலிருந்து அத்தகைய பள்ளி தொலைவு. ஆகவே, சில ஆண்டுகளுக்கு முன்பு, அருகிலுள்ள பொதுப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்பது என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் தீர்மானித்தன. விண்ணப்பத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 350-ஏ விதியையும் 1949ஆம் ஆண்டுத் தீர்மானத்தையும் எடுத்துக்காட்டி, ஒரு பிழையும் இல்லாமல் இரு மொழிகளில் எழுதிக் கொடுத்தேன். பள்ளித் தலைவர் அதனை மரியாதையுடன் வாங்கிக் கொண்டார். "ஒரு வகுப்பில் பத்துப் பெயர்களைத் தாருங்கள், நான் மேலே எழுதுகிறேன்" என்றார். எங்கள் பகுதியின் பெரியவர் ஒருவர் நான்கு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒன்பது பெயர்கள் சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்து, "குழந்தை பெயரையும் எழுதிக் கொள்ளலாமா, ஸார்? பத்தாகிவிடும்" என்று கேட்டார்.

என் மகளை நான் சம்ஸ்கிருதத்தில் சேர்த்திருந்தேன். அதில் மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. "அடுத்த ஆண்டு பார்க்கலாமே, மாமா" என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காப்பியை அருந்திவிட்டுச் சென்றார். விண்ணப்பம் அத்துடன் நின்றது. மற்ற ஒன்பது குழந்தைகளும் தமிழ் கற்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, சித்திரை மாதத்தில், மயிலாடுதுறையிலிருந்து என் தாயார் தம் பேத்திக்குத் தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பினார். "இரண்டு பாய் நிறைய வடாம் பிழிந்து காய வைத்தேன். காக்காய் ஓட்ட நீ இல்லையே என்றிருந்தது" என்பதே அச்செய்தி. மகள் அதனை அப்படியே எனக்கு அனுப்பி, "அப்பா, பாட்டி என்ன எழுதியிருக்கிறார்?" என்று கேட்டாள். நான் அப்போது அலுவலகத்தில் இருந்தேன். அன்றாடம் பிறருக்காக மொழிபெயர்ப்பவன், அன்று என் தாயின் சொல்லை என் மகளுக்காக மொழிபெயர்த்தேன். வடாமுக்கும் காக்கைக்கும் சொல் கிடைத்தது. "நீ இல்லையே என்றிருந்தது" என்பதற்கு நான் எழுதிய வாக்கியம் பிழையற்றதுதான். ஆயினும் அது என் தாயார் சொன்னது அன்று.

இதனை நான் எங்கள் அண்டை வீட்டுப் பஞ்சாபிப் பெரியவரிடம் ஒரு நாள் கூற நேர்ந்தது. அவர் எழுந்து உள்ளே சென்று, துணியில் சுற்றிய ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து வந்தார். 1947இல் லாகூரிலிருந்து குடும்பத்துடன் வந்த அவருடைய தந்தையார் உருது எழுத்தில் எழுதி வைத்தது. "எங்கள் வீட்டில் இதைப் படிக்க இப்போது யாரும் இல்லை. நீங்கள் மொழிபெயர்ப்பாளர் ஆயிற்றே, உங்களால் முடியுமா?" என்றார். என்னாலும் முடியவில்லை. பெரும்பான்மையோர் என்று நான் எண்ணியிருந்த அந்த வீட்டிலும் ஒரு தலைமுறையின் எழுத்து மூடிக் கிடந்தது. அன்று முதல் எங்களிடையே பேச்சு வேறு விதமாயிற்று. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் பகுதிக் குழந்தைகள் ஆறு பேர் தமிழ் எழுத்துப் பழகுவது இப்போது அவர் வீட்டு முன்னறையில்தான். என் மகள் மற்றவர்களைவிட வயதில் மூத்தவள். கூச்சத்துடன் கடைசியில் உட்காருகிறாள்.

அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் இல்லாவிடில், ஏட்டில் உள்ள உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வரலாறும் காட்டுகிறது. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியர் வேலைகளைப் பறித்துக் கொள்கின்றனர் என்று கூறி எழுந்த கிளர்ச்சியின்போது, தென்னிந்தியரின் கடைகளும் உணவு விடுதிகளும் தாக்குதலுக்கு உள்ளாயின. 1991ஆம் ஆண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டி, பெங்களூரில் தமிழர் வாழும் பகுதிகளில் வன்முறை மூண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து ஓடிவந்தன. அதே நாட்களில் எல்லையின் இப்புறத்தில் வாழ்ந்த கன்னடரும் துன்புற்றனர். இருபுறமும் அடிபட்டவர்கள் ஆற்று நீரைப் பற்றி முடிவு செய்யும் இடத்தில் இருந்தவர்கள் அல்லர். பெயரும் பேச்சும் காட்டிக் கொடுத்த எளியவர்கள் அவர்கள்.

அவ்வாண்டில் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் திறப்பதற்கென நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, திறக்கப்படாமல் மூடப்பட்டபடியே 18 ஆண்டுகள் நின்றது. நீதிமன்றங்களும் பேச்சுவார்த்தைகளும் நீண்டன. இறுதியில் அதனைத் திறந்தது ஓர் எளிய நியாயம். 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் பெங்களூரில் திருவள்ளுவர் சிலையும், நான்கு நாட்கள் கழித்து ஆகஸ்டு 13ஆம் நாள் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறந்து வைக்கப்பட்டன. இரு மாநில முதலமைச்சர்களும் இரு விழாக்களிலும் கலந்து கொண்டனர். ஒருவர் கேட்பதை மற்றவருக்கும் தந்தபோதுதான் வழி பிறந்தது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய கடமைகள் சில. முதலாவது, நம் சொந்த மாநிலத்தைப் பற்றியது. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தெலுங்கைத் தாய்மொழியாகக் கூறியோர் 42 லட்சத்துக்கு மேற்பட்டோர். கன்னடம், உருது ஆகியவற்றைக் கூறியோர் ஒவ்வொன்றிலும் 12 லட்சத்துக்கு மேல். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளிகளில் தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது, இவர்களுடைய குழந்தைகள் பத்தாம் வகுப்புத் தேர்வில் விலக்குக் கேட்டு நீதிமன்றம் சென்றனர். வாழும் இடத்தின் மொழியைக் கற்க வேண்டும் என்பது நியாயம்; தன் தாய்மொழியை இழக்கலாகாது என்பதும் நியாயம். டில்லியிலும் பெங்களூரிலும் இவ்விரண்டாவது நியாயத்தைக் கோருகின்ற நாம், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அங்குள்ள உறவினரிடம் அதனை எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நம்மைப் போல் அதனை அனுபவித்து உணர்ந்தவர் வேறு யார்?

இரண்டாவது, நம்மோடு இங்கு வாழும் பிற சிறுபான்மையோரைப் பற்றியது. விந்தியத்துக்குத் தெற்கே பிறந்த அனைவரையும் "மதராஸி" என்று ஒரே சொல்லால் அழைத்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் மாநிலத்து இளைஞர்களை இன்று நம்மில் சிலரே முகத்தோற்றத்தைக் கொண்டு ஏதேதோ பெயர் சொல்லி அழைக்கின்றனர். 2014ஆம் ஆண்டு ஜனவரியில் டில்லி லாஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர், தம் தோற்றத்தைப் பற்றிய கேலியில் தொடங்கிய சச்சரவில் அடிபட்டு உயிரிழந்தார். அதன்பின் மத்திய அரசாங்கம் பெஸ்பருவா என்பவரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்து, வடகிழக்கு மாநிலத்தவரின் குறைகளை ஆராய்ந்தது. குழுவும் சட்டமும் தேவைதான். ஆயினும், அந்தக் கேலிச் சொல் ஒரு குழந்தையின் வாயில் முதன்முதலாக வரும்போது அதைத் தடுக்கக் கூடியவர்கள் அக்குழந்தையின் பெற்றோரே.

மூன்றாவது, நம் வீட்டைப் பற்றியது. வாழும் மாநிலத்தின் மொழியை நன்கு கற்றுக் கொள்ளுங்கள். அண்டை வீட்டாரின் இன்பதுன்பங்களில் அவர்கள் மொழியிலேயே பங்கு கொள்ளுங்கள். அதனால் நம் தமிழ் குறைந்துவிடாது. மக்கட்கணக்கெடுப்பாளர் வீடு தேடி வரும்போது தாய்மொழி என்ற இடத்தில் குழந்தைகளுக்கும் தமிழ் என்றே எழுதச் சொல்லுங்கள்; பள்ளியும் நூலகமும் கேட்கும்போது அந்த எண்ணிக்கையே நமக்குச் சான்று. பள்ளியில் தமிழ் வேண்டுமென்று விண்ணப்பம் எழுதுவதற்கு முன், பெயர்ப்பட்டியலை எழுதுங்கள். அப்பட்டியலில் உங்கள் குழந்தையின் பெயர் முதலாவதாக இருக்கட்டும்.

எங்கள் பகுதிப் பெரியவர் இவ்வாண்டு மறுபடியும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் புறப்பட்டிருக்கிறார். என் மகளுக்கு அந்த வகுப்பைக் கடந்த வயது. அவள் பெயர் இனி அப்பட்டியலில் சேராது. ஆகவே அவருடன் வீடு வீடாக ஏறி இறங்குவது இம்முறை என் பங்கு. நேற்று வரை ஏழு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.